முகவாதம் தேறுதான்னு ஸ்கேன்ல தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு பெல்ஸ் பால்ஸிங்கிற முகவாதம் வந்து ஆறு வாரம் ஆச்சு டாக்டர், வாய் கோணல் பாதி சரியாயிடுச்சு, நரம்பு எவ்ளோ தேறியிருக்குன்னு எம்ஆர்ஐ எடுத்துப் பாக்கலாமா?

பதில்: இப்ப வேண்டாம்மா. கான்ட்ராஸ்ட்ங்கிற மருந்தை ஊசியில போட்டு எடுத்தா காதை ஒட்டின எலும்புக்குள்ள ஓடுற முக நரம்பு பளிச்சுனு வெள்ளையா தெரியும், ஆனா முகம் நல்லா ஆனப்புறமும் அந்தப் பளிச்சு சில மாசம் அப்படியே நிக்கலாம், அதைப் பாத்து நீங்கதான் வீணா பயப்படுவீங்க. நெத்தி சுருங்குதா, கண்ணு முழுசா மூடுதா, கன்னத்தை ஊதினா காத்து ஒழுகுதா, இதைப் பாத்தே அளந்துடலாம், 1985ல வந்த ஹவுஸ்-பிராக்மன் அளவுகோல்ல 1 (நார்மல்) லேர்ந்து 6 (அசைவே இல்ல) வரை கிரேடே இருக்கு. செல்போன்ல வாராவாரம் வீடியோ எடுத்து வைங்க. மூணு மாசத்துலயும் முழுசா தேறலன்னாலோ, திரும்ப மோசமானாலோ எம்ஆர்ஐ எடுத்துடணும், கட்டி ஏதும் அழுத்துதான்னு பாக்க. கண்ணு மூடலன்னா ராத்திரி ஆயின்மென்ட் போட மறக்காதீங்க.