பிடியரிசி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கடல்தொழில் வீட்டுப் பிள்ளைகள்.

போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மாமா ஒரு செய்தி போட்டிருந்தார். 1835 பிப்ரவரி 2ஆம் தேதி மெக்காலே என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கிலாந்து பாராளுமன்றத்தில் பேசினாராம். ‘இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை. இவர்களை அடிமையாக்க வேண்டுமானால் இவர்களுடைய கல்வியை ஒழிக்க வேண்டும்’ என்றாராம். அதே வாரம் நான் போயிருந்த ஒரு பயிற்சி வகுப்பில், வெள்ளைக்காரன் வரவில்லை என்றால் நம்மில் ஒருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்க முடியாது என்று ஒரு பேச்சாளர் சொன்னார்.

என் அப்பத்தா கைநாட்டு. பிறந்தது வெள்ளைக்காரன் ஆட்சியில். அவருக்குத் திண்ணைப் பள்ளிக்கூடமும் கிடைக்கவில்லை, வெள்ளைக்காரன் பள்ளிக்கூடமும் கிடைக்கவில்லை. அப்படியானால் இந்த இரண்டு பேரும் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்ல?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் அப்பத்தாவின் கைநாட்டிலிருந்தே தொடங்குகிறேன். இந்த விஷயத்தைப் பேச அதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் மாமாவின் செய்தி. அது பொய். மெக்காலே 1834 ஜூனிலேயே மதராசில் கப்பல் இறங்கிவிட்டார். 1835 பிப்ரவரி 2 அன்று அவர் இருந்தது கல்கத்தாவில். அன்று அவர் எழுதியது அரசாங்கத்துக்கான ஒரு குறிப்பு. அதில் பிச்சைக்காரனும் இல்லை, திருடனும் இல்லை. நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒற்றை அலமாரி, இந்தியாவும் அரேபியாவும் எழுதிய இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்று எழுதினார். ரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராகவும், ருசியிலும் அறிவிலும் ஆங்கிலேயராகவும் ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்று எழுதினார். இந்த இரண்டையும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இதற்கு நடுவில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. நமக்கு இருக்கிற வசதியில் மக்கள் மொத்தத்துக்கும் கல்வி கொடுக்க முயல்வது முடியாத காரியம் என்கிறார். உங்கள் அப்பத்தாவைப் பற்றி மெக்காலே சொன்னது அந்த வாக்கியம்தான். அவர் செய்த கெடுதலைச் சொல்ல அவருடைய சொந்த எழுத்தே போதும், பொய்ச் செய்தி தேவையில்லை என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்ததற்கு மெக்காலே காரணமும் இல்லை. இராமநாதபுரத்தில் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் முயற்சியால் ஆங்கிலப் பள்ளி ஏற்பட்டது 1785இல். மெக்காலே பிறந்தது 1800இல். அவர் பிறக்க 15 வருஷம் இருக்கும்போதே சேதுபதி சீமைப் பையன்கள் ஆங்கில அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை என்று மூன்று இடத்திலும் அப்படிப் பள்ளிகள் வைத்தார்கள். 1787இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 250 வராகன் (அன்றைய தங்கக் காசு) ஒதுக்கியது. கம்பெனிக்குப் பேச ஆள் வேண்டும், அரண்மனைக்கும் பேச ஆள் வேண்டும். அதற்குத் தேவைப்பட்ட மேல்குடிப் பையன்கள் படித்தார்கள். நம் கலாம் பிற்பாடு படித்தது அந்தப் பாதிரியார் பெயரைத் தாங்கிய பள்ளியில்தான். ஆனால் ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் ஒருவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை நூற்றாண்டு போய்விட்டது. அந்த ஒன்றரை நூற்றாண்டில் நடந்ததுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

சரி, திண்ணைப் பள்ளிக்கூடம். அது இருந்தது, நிறையவே இருந்தது. மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுக்கக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் தொகுத்துப் பார்த்தபோது பள்ளிகள் 12,498, பிள்ளைகள் 1,88,650. மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றே கால் கோடி. சில காலம் முன்புவரை ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இருந்ததைவிட இது மேல் என்று மன்றோவே எழுதினார். தமிழ்ப் பகுதிகளில் படித்தவர்களில் பெரும்பான்மை பிராமணர் அல்லாதார். இதுவரை உங்கள் மாமா பக்கம் நியாயம் இருக்கிறது. ‘நம்மவர்கள் படிக்கவே இல்லை’ என்பவர்கள் இந்த எண்ணிக்கைகளை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

ஆனால் அதே கணக்கில் பெண் பிள்ளைகள் 4,540 பேர். சேரிப் பிள்ளைகளைத் தனியாகக் காட்டவே இல்லை. ‘மற்ற சாதிகள்’ என்று ஒரே கட்டத்தில் பலரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

என் தாத்தா தேவிபட்டினத்தில் கருவாட்டு வியாபாரம் செய்தவர். படித்தது திண்ணைப் பள்ளிக்கூடம் மட்டும். முந்திரி, அரைக்காணி, காணி, மா, மாகாணி என்று கீழ்வாய்க் கணக்கை மூச்சு விடாமல் சொல்லுவார். பங்கு பிரிக்கும்போது நாங்கள் நோட்டை எடுப்பதற்குள் அவர் வாய்க்கணக்கில் முடித்திருப்பார். அவருடைய தங்கையும் அதே வீடு. அந்தத் திண்ணையும் அவர்கள் வீட்டுத் திண்ணைதான். காலையில் கடற்கரையிலிருந்து ஓலைப்பெட்டியில் மணல் அள்ளி வந்து, சிப்பியும் கல்லும் போகச் சலித்து, பையன்கள் எழுதிப் பழகத் திண்ணையில் பரப்பி வைப்பது அந்தச் சிறுமியின் வேலை. அண்ணாவி, அதாவது வாத்தியார், வந்ததும் அந்தச் சிறுமி உள்ளே போய்விட வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டே ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசிவரை ‘அ’ எது, ‘ஆ’ எது என்று தெரியாது. எனக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தவர் அவர். பத்து வயதில் புத்தகத்தை நீட்டி, இதைப் படி அப்பத்தா என்றேன். புத்தகத்தைக் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்து, கண்ணில் ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு இப்போது 66 வயது. அந்த முந்தானை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

எங்கள் திண்ணையில் சேரிப் பிள்ளைகள் ஏறியதில்லை. அதையும் தாத்தாவே சொல்லியிருக்கிறார்.

மணல் என்றதும் ஆண்ட்ரூ பெல் நினைவு வருகிறார். எழும்பூரில் அனாதைப் பையன்களுக்கான பள்ளியைப் பார்த்துக்கொண்ட பாதிரியார். ஒருநாள் போகிற வழியில், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை, நம் சட்டாம்பிள்ளை முறையைத்தான், பெரிதாக வளர்த்தார். 1797இல் இங்கிலாந்தில் புத்தகமும் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கெல்லாம் அது பரவியது. நம் மணல் அவர்களுடைய ஏழைகளுக்கு எழுத்தறிவு தந்தது என்று பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது மணலைச் சலித்துப் பரப்பியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பேச்சாளர். வெள்ளைக்காரன் வந்ததால்தான் படித்தோம் என்பதில் ஒரு துண்டு உண்மை உண்டு. சட்டப்படி அரசுப் பள்ளி எல்லோருக்கும் பொது என்று ஆனது பெரிய விஷயம். மிஷன் பள்ளிகள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்ததும், பெண்களுக்குப் பள்ளி வைத்ததும் பெரிய விஷயம். அந்த நன்றியை மறுக்க மாட்டேன். ஆனால் கொடுத்தார்கள் என்று சொன்னால், எவ்வளவு கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும் இல்லையா? 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட எழுத்தறிந்தவர் இல்லை. கட்டாய ஆரம்பக் கல்வி வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கோகலே 1911இல் மசோதா கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அதைத் தோற்கடித்தார்கள். மேலே இருப்பவர்களுக்குக் கொடுத்தால் கீழே வடியும் என்று சொல்லி நூறு வருஷம் ஓட்டினார்கள். அவர்கள் போன பிறகு எடுத்த 1951 கணக்கில்கூட நூற்றுக்கு 18 பேர்தான் எழுத்தறிந்தவர்கள். வடிந்தது அவ்வளவுதான்.

அப்புறம், பள்ளி யாரால் வந்தது? 1985 வரை நம் மாவட்டத்தில் இருந்த விருதுநகரைப் பாருங்கள். 1880களில் அங்கே நாடார்கள் சத்திரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். வியாபாரத்தில் மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கான ஒரு பங்கு, பிடித்தார்கள். அது போதாமல் வீட்டுக்கு வீடு பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு கலயத்தில் போட்டுவைப்பார்கள். அதைச் சேகரித்து விற்றுப் பள்ளிச் செலவு பார்த்தார்கள். பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே பேர். உலை வைப்பது யார் டீச்சர்? எழுத்து தெரியாத பெண்கள். தன் பானையிலிருந்து ஒரு பிடியைக் குறைத்து, தான் போக முடியாத பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தவர்கள். அந்தப் பள்ளியில் படித்து, வறுமையால் பாதியில் நின்ற ஒரு பையன்தான் பிறகு முதலமைச்சராகி 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். காமராஜர் போட்ட சோற்றில் அந்தப் பெண்களின் அரிசியும் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இங்கிலீஷ் படிப்பு வந்தால் சமூகச் சீர்திருத்தம் தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை அன்றைக்கே இருந்தது. அதற்கு நம் கடற்கரை சொல்லும் பதில் 1897ஆம் வருஷம். ஜனவரி 26இல் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கினார். வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி, மதராசில் ஆங்கிலேய ஆசிரியரிடம் படித்த இராமநாதபுரத்து இளம் ராஜா. மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் சுவாமி பேசினார். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்கிறவனே சிவனை உண்மையில் வணங்குகிறான் என்றார். சேதுபதி மனம் உருகிப்போய் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறு போட்டார். அது நடிப்பு இல்லை, அவர் கொடுத்தே அழிந்த மனிதர். நாலு மாதம்கூட ஆகவில்லை, மே 14ஆம் தேதி கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் அவர்கள்மேல் வழக்குப் போட்டவர் அதே சேதுபதி. 1899இல் மதுரைக் கோர்ட்டில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பு. 1908இல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சிலிலும் அதே தீர்ப்பு. ஆங்கிலம் படித்த ராஜா, ஆங்கிலேயர் வைத்த கோர்ட்டுகள், கதவு மட்டும் திறக்கவில்லை.

தோற்றவர்கள் வீட்டில் உட்காரவில்லை. 1910இல் நாடார் மகாஜன சங்கம் கண்டார்கள், மேலும் மேலும் பள்ளிகள் வைத்தார்கள். 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் அழைத்துப் போனார். போனவர்களில் ஒருவர் கக்கன். பின்னால் அமைச்சரானார். ஒன்று சொல்ல வேண்டும்: முன்னால் உள்ளே போனவர்கள் எல்லோரும் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. சாதிச் சண்டையில் நம் மாவட்டம் ரத்தம் சிந்திய வருஷங்களை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கீழக்கரையில் என் நண்பர் வீட்டில் இருந்தபோது கணக்கெடுக்க ஒருவர் வந்தார். நண்பருடைய உம்மாவைக் காட்டி, எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று நண்பரே சொன்னார். உம்மா ஒன்றும் பேசவில்லை. லுஹர் தொழுகை முடிந்து, மர அலமாரியிலிருந்து பழுப்பேறிய ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் வைத்து, வலமிருந்து இடமாக விரலை ஓட்டி ராகமாக வாசிக்க ஆரம்பித்தார். எழுத்து அரபி. கண்ணை மூடிக் கேட்டேன், தமிழ். சுத்தமான தமிழ். அதுதான் அர்வி. 1816இல் பிறந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் கீழக்கரையில் இருந்து அந்த எழுத்தில் எழுதிக் குவித்தார். பள்ளிக்கூடமே போகாத பெண்கள் வீட்டுக்குள் அதைப் படித்தார்கள். நண்பர் முகத்தைப் பார்த்தேன், அவருக்குக் கண் கலங்கியிருந்தது. உம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்பது அவருக்கே அன்றுதான் உறைத்திருக்க வேண்டும். கவர்னர்கள் எடுத்த கணக்கிலும் நாம் எடுத்த கணக்கிலும் இப்படி எத்தனை உம்மாக்கள் விடுபட்டுப் போனார்களோ.

உங்கள் ஐந்தாம் வகுப்புக்கு வருகிறேன். யார் கொடுத்தார்கள், யார் அழித்தார்கள் என்ற வழக்கைப் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டாம். ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். ‘உங்கள் வீட்டில் முதன்முதலில் தன் பெயரைத் தானே எழுதியவர் யார்? அவர் படிக்க யார், எதைக் கொடுத்தார்கள்?’ அம்மாவிடம் கேட்கட்டும், அப்பத்தாவிடம் கேட்கட்டும். தோடு அடகு வைத்த கதை வரும், கஞ்சிப்பாசி என்கிற கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போன கதை வரும். அந்தப் பெயர்களை ஒரு நீளத் தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். சில பிள்ளைகள் என் பெயர்தான் முதல் பெயர் என்று சொல்வார்கள். அவர்கள் பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.

உங்கள் அப்பத்தாவுக்கு இப்போது கண் தெரிகிறதா? தெரிந்தால் அந்தத் தாளின் அடியில் அவர் பெயரை அவரே எழுத ஒரு இடம் விட்டுவையுங்கள். ஆடியில் பாம்பன் பக்கம் வருகிறேன், வந்து பார்க்கிறேன்.

அன்புடன்