நின்று நின்று ஓடும் ரயில் எஞ்சின்: குறை மின்சாரத்திலா, சக்கரத்திலா?

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய ஹெச்ஓ அளவு (உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் எஞ்சின் ஒன்றை, 12 வோல்ட் நேர்மின்னோட்டம் தரும் பழைய கண்ட்ரோலருடன் சேர்த்து வாங்கினேன். எஞ்சின் சிறிது தூரம் ஓடி நின்றுவிடுகிறது. விரலால் லேசாகத் தள்ளினால் மீண்டும் ஓடுகிறது. கண்ட்ரோலரின் திறன் போதவில்லை என்றும், அதிக ஆம்பியர் கொண்ட புதியதை வாங்க வேண்டும் என்றும் விற்றவர் கூறுகிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கண்ட்ரோலரில் குறிக்கப்பட்டிருக்கும் ஆம்பியர் அது அதிகபட்சமாகத் தரக்கூடிய மின்னோட்டத்தின் அளவே தவிர, எஞ்சினுக்குள் வலிந்து செலுத்தும் அளவு அன்று. எஞ்சின் தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள ஹெச்ஓ எஞ்சின் ஒன்றுக்குப் பெரும்பாலும் 1 ஆம்பியருக்கும் குறைவாகவே போதும். மாறாக, பெட்டி தடம் புரண்டு இரு தண்டவாளங்களும் நேரடியாக இணைந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால், அதிகத் திறனுள்ள கண்ட்ரோலர் அதிக மின்னோட்டத்தைப் பாய்ச்சிப் பிளாஸ்டிக் பாகங்களை உருக்கிவிடக்கூடும்.

உண்மையில் கண்ட்ரோலர் வலுவிழந்திருந்தால் எஞ்சின் தொடக்கம் முதலே மந்தமாக ஓடும், விளக்கும் மங்கலாக எரியும். தொட்டதும் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது தொடர்பு அறுபடுவதன் அடையாளம். எஞ்சின் நிற்கும் கணத்தில் அதன் முன்விளக்கைக் கவனியுங்கள். விளக்கும் அணைந்தால் மின்சாரம் எஞ்சினுக்குள் வந்து சேரவில்லை. விளக்கு எரிந்துகொண்டே எஞ்சின் மட்டும் நின்றால் குறை மோட்டாரிலோ பல்சக்கரங்களிலோ இருக்கிறது.

முதல் வகையாக இருந்தால் பெரும்பாலும் அழுக்கே காரணம். தண்டவாளத்தின் மேற்பரப்பையும் சக்கரங்களின் விளிம்பையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள், அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். உப்புத்தாளால் தேய்த்தால் உண்டாகும் கீறல்களில் அழுக்கு முன்பைவிட வேகமாகப் படியும். இரும்பு நார் அதைவிட மோசம், ஏனெனில் அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். சக்கரங்களின் பின்புறம் உரசி நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகளையும் பாருங்கள். அவை வளைந்து விலகியிருந்தால் எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

பிறகும் சரியாகவில்லை என்றால், எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து, 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலிருந்து வரும் கம்பிகளை இடப்பக்கச் சக்கரத்திலும் வலப்பக்கச் சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள். மின்சாரம் எடுக்காத சக்கரங்களும் சில எஞ்சின்களில் இருப்பதால் வெவ்வேறு சக்கரங்களில் முயல வேண்டும். தடையின்றிச் சுழன்றால் எஞ்சினைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அப்போது மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோலரின் முனைகளிலும் தண்டவாளத்தின் தொலைவான பகுதியிலும் வோல்ட்டை அளவிடுங்கள். எஞ்சின் இல்லாமல் அளந்தால் பழைய கண்ட்ரோலர்கூட நிறைவான எண்ணைக் காட்டி ஏமாற்றும். கண்ட்ரோலரில் சரியாக இருந்து தொலைவில் மட்டும் குறைந்தால், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகக் கவ்விகள் தளர்ந்துவிட்டன. அவற்றை இறுக்கலாம், அல்லது அப்பகுதிக்குத் தனியே ஓர் இணைப்புக் கம்பி கொடுக்கலாம். கண்ட்ரோலரின் முனைகளிலேயே வோல்ட் சரிந்தால்தான் புதியது வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விளக்கு எரிந்தும் மோட்டார் ஓடாமல் முனகினால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். சுழல முடியாமல் நிற்கும் மோட்டார்தான் மிக அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சுருளைச் சூடாக்கும். நெடுநாள் ஓடாத எஞ்சின்களில் கிரீஸ் இறுகிவிடுவது வழக்கம். அதைச் சுத்தம் செய்து, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெயை ஊசி முனையளவு வைத்தால் போதும். தாராளமாக ஊற்றினால் அது கம்யூட்டேட்டரில் (மோட்டாரின் சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் செம்பு வளையம்) வழிந்து புதிய தொல்லையை உண்டாக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டிக்' என்ற ஓசை கேட்டால், அச்சில் பொருத்திய பல்சக்கரத்தில் விரிசல் விழுந்திருக்க வாய்ப்புண்டு. அந்த எஞ்சினுக்கு மாற்றுப் பல்சக்கரம் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற செலவுகளில் இறங்குங்கள்.

கேள்வி: டிசிசி என்னும் டிஜிட்டல் முறைக்கு மாறினால் பழைய எஞ்சின்களை அப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓட்டக்கூடாது. டிசிசி தண்டவாளத்தில் முழு வோல்ட்டும் எப்போதும் இருக்கும், அதன் துருவம் நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறிக்கொண்டிருக்கும். டிகோடர் (டிஜிட்டல் கட்டளையைப் புரிந்துகொண்டு மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) இல்லாத எஞ்சின் அதில் நிற்கும்போதே இரைந்து சூடாகும்; இரும்பு உள்ளகமற்ற மோட்டார் உடையது விரைவில் கருகிவிடும். டிகோடர் உள்ள பல எஞ்சின்கள் பழைய நேர்மின்னோட்டக் கண்ட்ரோலரில் ஓடும், ஆனால் டிகோடர் விழித்தெழும் அளவுக்கு வோல்ட் ஏறிய பிறகே நகரத் தொடங்கும். அதைக் கோளாறு என்று எண்ணித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. மார்க்லின் நிறுவனத்தின் மாறுதிசை மின்னோட்ட எஞ்சின்கள் இவை இரண்டிலும் சேராத தனி வகை. அவை நடுவில் மூன்றாவது தொடர்பு உள்ள தண்டவாளத்துக்கு உரியவை.

கேள்வி: 'சோதித்துப் பார்த்தது, நன்றாக இயங்குகிறது' என்று விற்பவர் எழுதியிருந்தால் நம்பலாமா?

பதில்: மோட்டார் ஒரு நொடி சுழன்றாலே அப்படி எழுதிவிடுகிறார்கள். முன்னும் பின்னும் மிக மெதுவாக, தண்டவாளத்தின் மேல் ஓடும் காணொளியைக் கேளுங்கள். வேகமாக ஓடும்போது தொடர்புக் குறைகள் மறைந்துவிடும். டிகோடர் உள்ளதா, எந்த மின்முறைக்கு உரியது, ஓடாவிட்டால் எத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்ற மூன்றுக்கும் விடையை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகு பணத்தைச் செலுத்துங்கள்.