போலீஸ் விட்டுவிட்ட பெயரை நீதிமன்றம் சேர்க்க முடியுமா?

கேள்வி: இந்தியக் குடியுரிமை உள்ள சிங்கப்பூர் நிரந்தரவாசி (பி.ஆர்.) நான், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். 2022-இல் என் தம்பி மனைவி புதுக்கோட்டையில் வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுத்தார். எஃப்.ஐ.ஆரில் என் பெயரும் இருந்தது. போலீஸ் விசாரித்து, தம்பி மீதும் அம்மா மீதும் மட்டும் குற்றப்பத்திரிகை போட்டது. இப்போது கோர்ட்டில் தம்பி மனைவி சாட்சி சொல்லும்போது, "பொங்கலுக்கு வந்த நாத்தனாரும் நகை கேட்டு அடித்தார்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்கே போகவில்லை. எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. இது செல்லுமா?

பதில்: செல்லும், சகோதரி. சிங்கப்பூரில் யார் மீது வழக்குத் தொடுப்பது என்பது அரசமைப்புச் சட்டம் 35(8)-இன்படி தலைமைச் சட்ட அதிகாரியின் கையில் இருக்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. சாட்சியத்தில் வேறொருவரும் குற்றம் செய்ததாகத் தெரிந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 319-ஆம் பிரிவின்படி நீதிபதியே அவரை அழைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் இதே அதிகாரம் புதிய சட்டத்தின் 358-ஆம் பிரிவில் இருக்கிறது. உங்கள் வழக்கு அதற்கு முன்பே தொடங்கியதால் பழைய சட்டம்தான் பொருந்தும்.

ஆனால் சாட்சி ஒரு பெயரைச் சொன்னாலே போதும் என்று ஆகாது. ஹர்தீப் சிங் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு இதற்கு அளவுகோல் வைத்தது: குற்றச்சாட்டு வனைய (முறைப்படி பதிவு செய்ய) தேவைப்படும் முகாந்திரத்தைவிட வலுவான ஆதாரம் வேண்டும். குறுக்கு விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அது உங்களுக்குப் பாதகம்.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது 2017-இன் பிரிஜேந்திர சிங் தீர்ப்பு. சம்பவ நேரத்தில், அந்த வழக்கில் இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் 175 கிலோமீட்டர் தள்ளி ஜெய்ப்பூரில் இருந்ததாகப் போலீஸ் விசாரணையிலேயே ஆதாரம் கிடைத்திருந்தது. அதைப் பார்க்காமல், சாட்சிகள் போலீஸிடம் சொன்னதையே கோர்ட்டில் திரும்பச் சொன்னதை வைத்து மட்டும் சம்மன் அனுப்பியது தவறு என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதனால் ஒரு விஷயத்தை உடனே பாருங்கள்: உங்கள் பாஸ்போர்ட் நகலைப் போலீஸ் அன்றே வாங்கிக் கோப்பில் வைத்ததா? வைத்திருந்தால் உங்கள் பக்கம் நல்ல வலு. இப்போதுதான் முதல்முறையாகக் காட்டுகிறீர்கள் என்றால், 'அதை விசாரணையில் நிரூபித்துக்கொள்ளுங்கள்' என்று நீதிமன்றம் சொல்லிவிட வாய்ப்பு அதிகம்.

இப்படிச் சேர்க்கப்பட்டவர் கீழ்க்கோர்ட்டில் விடுவிப்பு மனு (விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கேட்பது) போட முடியாது என்பது 2015-இன் ஜோகேந்திர யாதவ் தீர்ப்பு. சம்மன் உத்தரவையே எதிர்ப்பதுதான் வழி; அதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். உத்தரவை மறுபரிசீலிக்கக் கேட்கும் சீராய்வு மனுவுக்கு 90 நாள் கெடு.

சம்மனைக் கண்டுகொள்ளாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அடுத்தது வாரண்ட், அது நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் புதுப்பிப்பதும் சிக்கலாகிவிடும். கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வக்கீலை அமர்த்தும் வக்காலத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி அனுப்புங்கள். நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 205-ஆம் பிரிவில் மனு போடச் சொல்லுங்கள். அப்படியே வழக்கில் நீங்கள் சேர்ந்துவிட்டாலும், உங்களைப் பொறுத்தவரை விசாரணை முதலிலிருந்து நடக்கும். ஏற்கெனவே சாட்சி சொன்னவர்களை மறுபடி கூண்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்போது உங்கள் வக்கீல் தம்பி மனைவியைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

அப்புறம், தம்பியிடம் சொல்லி, தம்பி மனைவியின் சாட்சியம், உங்களைச் சேர்க்கக் கேட்ட 319 மனு, சம்மன் உத்தரவு, முன்பு போலீஸிடம் அவர் கொடுத்த வாக்குமூலம் நான்குக்கும் சான்றிட்ட நகல் எடுக்கச் சொல்லுங்கள். அந்த வாக்குமூலத்தில் பொங்கல் பேச்சே இல்லை என்றால், மதுரையில் உங்கள் வக்கீல் முதலில் எடுத்துவைக்க வேண்டியது அதைத்தான்.