நாலு நாளில் மாறிய கடி ஏன் திரும்பி வந்தது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தோல் வருத்தங்களைப் பற்றியவை. கச்சான் காற்று அடங்கி, மழையும் தொடங்காமல், வேர்வையில் உடுப்பு முதுகோடு ஒட்டிக்கிடக்கிற காலத்தில் இது புதினமில்லை. நான் டொக்டர் இல்லை. காசு கொடுத்து எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது, எப்போது கடையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது வரைக்கும்தான் என் பங்கு.

கேள்வி: இடுப்பில் சாரம் கட்டுகிற இடத்தில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்தாற்போல் வந்து கடித்தது. பாமசியில் காட்டினேன், ஒரு கிறீம் தந்தார்கள். நாலு நாளில் கடி நின்றுவிட்டது, நானும் பூசுவதை விட்டுவிட்டேன். பத்து நாளில் இரண்டு மடங்காக வந்திருக்கிறது. எனக்குத் தந்தது போலி மருந்தா? (தோட்டக்காரர், கோப்பாய்)

போலியாக இருக்கவேண்டும் என்றில்லை. ரியூப்பை எடுத்து, பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே எறும்பு ஊர்ந்தது போல இருக்கிற சின்ன எழுத்தை வாசித்துப் பாருங்கள். கண் பிடிக்காவிட்டால் ஃபோனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். அதில் குளோபெற்றசோல் அல்லது பீற்றாமெதசோன் என்று இருந்தால் அது ஸ்டீரொயிட். சிவப்பையும் கடியையும் அடக்குவதுதான் அதன் வேலை, அதைச் செய்திருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு (வட்டம், ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்தாற்போல்) அது பெரும்பாலும் படர்தாமரை. படர்தாமரை ஒரு பங்கசு. ஸ்டீரொயிட் பங்கசைக் கொல்லாது. அந்த இடத்தில் உடம்பு காட்டுகிற எதிர்ப்பைத்தான் தணிக்கும். எதிர்ப்புக் குறைந்ததும் பங்கசு சத்தமில்லாமல் பரவும். வட்டமும் கலைந்துபோவதால் பிறகு பார்க்கிற டொக்டருக்கே என்னவென்று மட்டுக்கட்டக் கஷ்டம்.

சில கிறீம்களில் ஸ்டீரொயிட், பங்கசு மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்திருக்கும். 'எல்லாத்துக்கும் கேட்கும்' என்று சொல்லித் தருவார்கள். எது வருத்தம் என்று தெரியாதவருக்கு விற்கத் தோதானது அது. இடுப்பு, கவட்டுப் பகுதித் தோல் மெல்லியது. அங்கே இதை வாரக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் வருவதுபோலக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் பிறகு மறையாது. வீரியமான ஸ்டீரொயிட் கிறீம்கள் மருத்துவரின் துண்டுக்குத்தான் தரப்படவேண்டியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கும் இது நடந்தது, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். பிடரியில் காசளவு வட்டம் ஒன்று. கடையில் நின்ற பொடியன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் 'கடிக்குது' என்று சொல்லி முடிக்கமுன் ரியூப் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வந்துவிட்டது. இரண்டு மாதம், மூன்று ரியூப். கடைசியில் அந்த வட்டம் கழுத்தைச் சுற்றிக் காதடிக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சரி, எதை வாங்குவது? தனிப் பங்கசு மருந்தாகக் கேளுங்கள். 'குளோற்றிமசோல் மட்டும் உள்ளது, வேறொன்றும் கலக்காதது' என்று அப்படியே சொல்லிக் கேட்கலாம். கலப்புக் கிறீமை விட இது பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை பூசவேண்டும். முக்கியமானது இதுதான்: தோல் சுகமான பிறகும் இன்னும் 2 வாரம் பூசவேண்டும். ரேபினாபின் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. விலை கொஞ்சம் கூட, ஆனால் பெரும்பாலும் 1 முதல் 2 வாரத்தில் வேலை முடியும்.

வாங்கமுன் ஒரு சின்னக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். உங்களுக்கு அவ்வளவு இடம் என்றால் நாளைக்கு 1 கிராம். 15 கிராம் ரியூப் 15 நாளில் முடிந்துவிடும். நாலு வாரம் பூச ஒன்றும் காணாது, இரண்டு வேண்டும். ஒன்று முடிந்ததும் நிறுத்துகிறவர்களுக்குத்தான் வருத்தம் திரும்பி வருகிறது. ஈரச் சாரத்தோடு நிற்காதீர்கள், துவாயை வீட்டில் மற்றவர்களோடு மாற்றாதீர்கள். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் அவரும் சேர்ந்து பூசவேண்டும். இவ்வளவும் செய்தும் நாலு வாரத்தில் மாறாவிட்டால், அல்லது தலைமயிருக்குள், நகத்தில் வந்தால், பூசுகிற மருந்து போதாது, குளிசை வேண்டும். அதை டொக்டர்தான் தரவேண்டும்.

கேள்வி: மகளின் கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்க, முகநூலில் பார்த்து ஒரு வெள்ளையாக்கும் கிறீம் எடுப்பித்தாள். முதல் மூன்று வாரம் பளபளப்பு. இப்போது முகம் எரிகிறது, கன்னத்தில் கறுப்பு விழுகிறது. விற்றவர் 'பாவிக்கத் தெரியவில்லை' என்கிறார். காசைத் திரும்ப வாங்க முடியுமா? (தாய், மானிப்பாய்)

காசுக்கு முன் முகம். கிறீமை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் டப்பாவை எறியவேண்டாம். நிறுத்தியதும் சில நாள் முகம் இன்னும் சிவந்து எரியக்கூடும். உள்ளே ஸ்டீரொயிட் இருந்தால் அப்படித்தான் நடக்கும். அதற்குப் பயந்து திரும்பப் பூசவேண்டாம். டப்பாவோடு யாழ் போதனா வைத்தியசாலைத் தோல் சிகிச்சைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். டொக்டருக்குச் சொல்லிவிட்டு சிறுநீரையும் ஒருமுறை பார்ப்பிப்பது நல்லது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பெட்டியில் ஒரு வார்த்தையும் தமிழிலோ சிங்களத்திலோ இல்லாமல், இறக்குமதி செய்தவரின் விலாசமும் இல்லாமல் வருகிற இந்த வகைக் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பது உலகம் முழுக்கப் பலமுறை பிடிபட்ட சங்கதி. பாதரசம் தோலில் நிறம் ஊறுவதைத் தடுக்கும். அதனால்தான் அந்த மூன்று வாரப் பளபளப்பு. தோலுக்குள்ளால் போய்ச் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். மினமாட்டா சாசனம் என்ற உலக உடன்படிக்கை அழகுசாதனத்தில் பாதரசத்துக்கு முதலில் 1 பிபிஎம் என்று எல்லை போட்டிருந்தது, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2023இல் அதைத் திருத்தி, பாதரசம் சேர்த்த அழகுசாதனத்தை 2025க்குப் பிறகு முழுக்கவே தடுத்துவிட்டார்கள். இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. பெட்டியில் 'கலோமெல்' அல்லது 'மேர்க்கூரி' என்று தொடங்குகிற ஏதும் எழுதியிருக்கிறதா பாருங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. 'தங்கம், வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள்' என்று சில பெட்டிகளில் எச்சரிக்கை இருக்கும். பாதரசம் தங்கத்தைப் பிடிக்கும், அதனால் அந்த எச்சரிக்கை. கலியாணப் பெண்ணின் தாலிக்கொடிக்கு ஆகாதது அவள் கன்னத்துக்கு ஆகுமா?

இனிக் காசுக்கு வருவோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் செய்யவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ள விதி, நாளை எண்ணிப் பாருங்கள். என்ன செய்வதென்று கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டு இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் மெசேஜில் பேசியது, காசு அனுப்பிய வங்கிப் பதிவு, பொதி வந்த உறை, டப்பா, முகத்தின் படம் எல்லாவற்றையும் திகதியோடு எடுத்து வையுங்கள். விற்றவர் தன் பக்கத்தை அழிக்கமுன் இன்றிரவே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். காசு வந்துவிடும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். முகநூலில் பெயர் மாற்றி விற்கிற ஆளைப் பிடிப்பது லேசில்லை.

கேள்வி: பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைக்கு விரலிடுக்கில் சொறி, இரவில் அழுகிறான். ஒரு ரியூப் வாங்கிப் பூசினோம். குறைந்து, திரும்ப வந்தது. இப்போது எனக்கும் கடிக்கிறது. (குருநகர்)

இரவில் கூடுகிற கடி, விரலிடுக்கு, வீட்டில் இரண்டாவது ஆளுக்கும் என்றால் சிரங்குப் பூச்சியாகத்தான் இருக்கவேண்டும். நீங்கள் பூசியது அதற்கான மருந்து என்றால் மருந்து பிழைக்கவில்லை, அளவும் நாளும்தான் பிழைத்தன. பேமெத்ரின் 5% கிறீம் என்றால் வளர்ந்த ஒருவருக்கு ஒருமுறை பூசவே 30 கிராம் வரை போகும். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஒரு சின்ன ரியூப் எங்கே காணும்? கடிக்காத ஆள் உட்பட எல்லோரும் ஒரே இரவில், கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடாமல் (நகத்தடி, தொப்புள், விரலிடுக்கு உட்பட) பூசி, 8 முதல் 14 மணித்தியாலம் விட்டுக் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் ஒருமுறை. அத்தனை ரியூப்புக்குக் காசு இடிக்கும் என்றால் அரச ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் குடும்பமாகப் போய்ச் சொல்லுங்கள். பென்சைல் பென்சோவேற் என்ற பழைய மருந்தும் வேலை செய்யும், எரியும். ஒரு வயசுக்குக் குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்காமல் எதுவும் பூசவேண்டாம்.

பூசிய இரவின் படுக்கைவிரிப்பையும் உடுப்பையும் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாததைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாலு நாள் வைத்தால் பூச்சி செத்துவிடும். மருந்து பூசிய பிறகும் 2 முதல் 4 வாரம் கடி இருக்கும். செத்த பூச்சிக்கு உடம்பு காட்டுகிற கோபம் அது. அந்த நேரத்தில் 'மருந்து கேட்கவில்லை' என்று நாலாவது தடவை வாங்கிப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் நிறைய.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரில் குளித்தாலே கால் தோல் வெடிக்கிறது. வெளிநாட்டு லோஷன் வாங்கலாமா, தேங்காய் எண்ணெய் போதுமா? (சுன்னாகம்)

நம் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் கடினம், சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் தேய்ப்போம், தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெயும் போய்விடும். சவர்க்காரத்தைக் குறையுங்கள். குளித்து மூன்று நாலு நிமிடத்துக்குள், ஈரம் முழுக்கக் காயமுன், தேங்காய் எண்ணெயோ வாசமில்லாத வாஸ்லினோ பூசுங்கள். பெரும்பாலானோருக்கு அது காணும். லோஷன் வாங்கினால் விலையைப் பார்க்கமுன் வாசமில்லாததா என்று பாருங்கள். வாசம் கூடக்கூட வரண்ட தோலுக்கு எரிச்சல் கூடும்.

கேள்வி: முதுகில் வெளிறிய படைகள், கடிக்கவில்லை. தேமலா? எதை வாங்குவது? (வல்வெட்டித்துறை)

வாங்கமுன் கண்ணை மூடிக்கொண்டு, வேறு ஒருவரை ஒரு பஞ்சுத் துண்டால் அந்தப் படையையும் பக்கத்துத் தோலையும் மாறிமாறித் தொடச் சொல்லுங்கள். எங்கே தொடுகிறார் என்று நீங்கள் சொல்லுங்கள். படையில் மட்டும் உணர்வு குறைந்திருந்தால் கடைப்பக்கம் போகவே வேண்டாம், நேரே தோல் கிளினிக். அது தொழுநோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து இலவசம், முழுக்கச் சுகமாகும். பிந்தினால்தான் கை கால் நரம்பு போகிறது. உணர்வு மரத்துப்போகவில்லை என்றாலும் ஒரே ஒரு படை மட்டும் இருந்தால் காட்டிவிடுவது நல்லது.

உணர்வு சரியாக இருந்து, விறாண்டினால் தவிடுபோலச் செதில் வந்து, சின்னப் படைகள் பல சேர்ந்திருந்தால் அனேகமாகத் தேமல். அதற்குக் கீற்றோகொனசோல் 2% ஷம்பூ போதும். குளிக்கும்போது படையில் பூசி 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள், 5 நாள். பங்கசு செத்த பிறகும் வெளிறல் உடனே போகாது. நிறம் திரும்ப மாதக்கணக்கு ஆகலாம். அதுவரை கண்ணாடியில் முதுகைப் பார்த்து அடுத்த போத்தல் வாங்க ஓடவேண்டாம்.