முறைப்பையன் எங்கே என்று கேட்டார்களா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. பொறியியல் முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக வேலை தேடுகிறான். இரவெல்லாம் சைக்கலாஜிக்கல் திரில்லர் படங்கள்தான். எல்லாவற்றிலும் தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைக்கும் ஒருவன் வருகிறான், கடைசியில் வெறிபிடித்தவன் ஆகிறான். ‘டாக்ஸி டிரைவர்’, ‘காதல் கொண்டேன்’ இரண்டையும் பல முறை பார்த்துவிட்டான். ‘ஜோக்கர்’ படத்துக்குக் கணக்கே இல்லை. போன மாதம் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு, நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்களே என்று அவனை விட்டுவிட்டு நானும் கணவரும் மட்டும் போய், இரவு பதினொரு மணிக்குத் திரும்பினால், விளக்குகூடப் போடாமல் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் படங்கள் அவனைக் கெடுத்துவிடுமா? இணைய இணைப்பைத் துண்டித்துவிடலாமா?
— ஒரு தாய், திருச்சி

பதில்: சகோதரி, நீங்கள் எழுதிய நான்கு பக்கங்களை மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். அந்த நான்கு பக்கங்களிலும் கல்யாணத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் அவன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல வந்த இடத்தில் போகிறபோக்கில் விழுந்தது. என்னால் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

மணப்பெண்ணுக்கு உங்கள் மகன் அத்தை மகன். கேலி செய்வதற்காகவாவது கல்யாண வீட்டில் முதலில் தேடப்படுகிறவன் முறைப்பையன்தான். தேடியிருப்பார்கள். பெங்களூரில் நேர்முகத் தேர்வு என்று சொல்லிச் சமாளித்ததாகக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் பட்டுப்புடவை கட்டி, அவன் கண்ணெதிரே கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியபோது, பெற்றவர்களே நாலு பேர் முன்னால் நிறுத்தக் கூசும் பிள்ளை தான் என்பதை அவனுக்கு எந்தப் படமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவன் பார்க்கும் படங்களை நீங்கள் பார்த்தீர்களா? 1976இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி எடுத்த ‘டாக்ஸி டிரைவர்’ படத்தில், நியூயார்க்கில் தூக்கம் வராமல் இரவெல்லாம் வாடகைக் கார் ஓட்டும் டிராவிஸ், பெற்றோரின் திருமண நாளுக்கு வாழ்த்து அட்டை எழுதுகிறான். அரசாங்கத்துக்காக ரகசியமான வேலை பார்ப்பதால் முகவரி தர முடியவில்லை என்றும், பெட்ஸி என்ற பெண்ணுடன் பழகுவதாகவும் அதில் இருக்கும். அப்படியொரு வேலை இல்லை. அந்தப் பெண்ணோ அவனை விலக்கி வெகு நாளாகிவிட்டது. அங்கே மகன் பெற்றோருக்குப் பொய் எழுதினான், இங்கே பெற்றோர் மகனைப் பற்றி ஊருக்குப் பொய் சொல்கிறீர்கள்.

அந்த டிராவிஸாக நடித்த ராபர்ட் டி நிரோதான் 2019இல் வந்த ‘ஜோக்கர்’ படத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துபவராக வருகிறார். நோயாளித் தாயோடு உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைப் பார்க்கும் ஆர்தர், தானும் பார்வையாளர் கூட்டத்தில் இருப்பதாகக் கற்பனை செய்கிறான். நிகழ்ச்சி நடத்துபவர் அவனை மேடைக்கு அழைத்து, உன்னைப் போல் ஒரு பிள்ளை கிடைப்பதானால் இந்தப் புகழையெல்லாம் விட்டுவிடுவேன் என்று சொல்லிக் கட்டி அணைக்கிறார். ஊர் பார்க்க ஒருவர் ‘இவன் என் பிள்ளை’ என்று சொல்வது, அந்தக் கற்பனை அவ்வளவுதான். உங்கள் மகன் அந்தப் படத்தைத் துப்பாக்கிக்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, எந்தக் காட்சி பிடிக்கும் என்று கேட்டிருக்கலாமே. 2003இல் செல்வராகவன் இயக்கிய ‘காதல் கொண்டேன்’ வினோத்தாவது அநாதை; இவன் அப்படி இல்லை.

இந்தப் படங்களின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. உச்சக்காட்சி வேண்டும் என்பதற்காக, தாழ்வு மனப்பான்மை உள்ளவனின் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நிஜத்தில் அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் யாரையும் ஒன்றும் செய்வதில்லை; போட்டோ எடுக்கும்போது கடைசி வரிசைக்கு நகர்ந்துகொள்வார்கள், வீட்டுக்கு ஆள் வந்தால் மாடிக்குப் போய்விடுவார்கள். இணைப்பைத் துண்டித்தால் அவன் இருட்டில் படம் இல்லாமல் உட்கார்ந்திருப்பான், வேறொன்றும் மாறாது. சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு உதவி எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

அவனையும் நான் விடுவதாக இல்லை. வேலை கிடைக்காதது அவன் குற்றம் அன்று. ஆனால் மாமன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் வாளி தூக்க வேண்டிய பிள்ளை, நீங்கள் வேண்டாம் என்றதும் ‘சரி’ என்று உட்கார்ந்துவிட்டது குற்றம்தான். குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் சம்பளம் வந்த பிறகுதான் செய்யலாம் என்று எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள்? இதைக் கடிதத்தோடு அவனிடம் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். மாதம் ஒன்றாகியும் மணமக்களை விருந்துக்கு அழைத்ததாக நீங்கள் எழுதவில்லை. காரணம் தெரிகிறது: அவர்கள் வந்தால் பையன் வீட்டில் இருப்பான், பெங்களூர்க் கதை உடையும். வரும் ஞாயிற்றுக்கிழமையே அழையுங்கள். அழைக்கப் போகிறவன் உங்கள் மகனாக இருக்கட்டும், தாம்பூலத்தோடு தனியாகப் போகட்டும். விருந்தன்று இலை போட்டுப் பரிமாற வேண்டியவனும் அவன்தான். உங்கள் கணவர் மாப்பிள்ளையிடம், “இவன் என் மகன், வேலை தேடிக்கொண்டிருக்கிறான்” என்று தம் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே, அவன் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு, உங்கள் அண்ணியைத் தொலைபேசியில் அழைத்து, அன்றைக்கு நேர்முகத் தேர்வு எதுவும் இல்லை, நாங்கள்தான் அவனை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லிவிடுங்கள்.