சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

மூன்றாம் வகுப்புக்கு ஓவியமும் சேர்த்து எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: வாரத்துக்கு ஒரே பீரியட், 40 நிமிடம். கோடு, வடிவம், கன உருவம், வண்ணம், ஒளி-நிழல், மேற்பரப்பு, வெளி (படத்தில் தெரியும் அருகு-தூரம்) என்று கலையின் ஏழு கூறுகளையும் சார்ட்டில் எழுதி விளக்கினால் பத்தே நிமிடத்தில் பிள்ளைகளின் கவனம் ஜன்னலுக்குப் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

முதலில் அந்த சார்ட்டைச் சுருட்டி வையுங்கள். ஒன்றைக் கையால் செய்து பார்த்த பிறகுதான் பிள்ளைக்கு அதன் பெயர் தேவைப்படும், அதற்கு முன் சொன்னால் அது வெறும் மனப்பாடம். வாரத்துக்கு ஒரு கூறு போதும்.

கோட்டில் தொடங்குங்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு நீங்கள் கை தட்டுங்கள், மெதுவாக, அப்புறம் வேகமாக, திடீரென்று நிறுத்தி; தட்டலுக்கு ஏற்ப பென்சில் தாளில் ஓட வேண்டும், எதையும் ‘வரைய’ வேண்டாம். அடுத்து ஒரு கோபக் கோடு, ஒரு தூக்கக் கோடு. கோபக் கோட்டுத் தாளைத் திருப்பித் தடவினால் பென்சில் அழுத்திய தடம் விரலில் தட்டுப்படும், அதைப் பிள்ளைகளே தடவிப் பார்க்கட்டும்.

மேற்பரப்புக்கு, மெல்லிய தாளை இலையின் நரம்புப் பக்கத்தின்மேல் வைத்து கிரேயானால் தேய்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நுனியால் அழுத்தினால் தாள் கிழியும், ஆகவே கிரேயானின் காகித உறையை முதல் நாளே உரித்துவிட்டு, படுக்க வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் 1925இல் மரத்தரையின் வரிகளை இப்படித்தான் தாளில் எடுத்தார் என்று சொன்னால், செருப்பின் அடிப்பக்கம் முதல் சுவர் வரை ஒன்றையும் விடமாட்டார்கள்!

வண்ணத்துக்கு 12 நிறப் பெட்டி வேண்டவே வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், மூன்றே போதும். மஞ்சளை முதலில் எடுத்து நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் நீலம் மஞ்சளை விழுங்கிவிடும். ஒவ்வொரு துளிக்கும் பிறக்கும் பச்சைக்குப் பிள்ளைகளே பெயர் வைக்கட்டும். மூன்றையும் கலந்து சேறாக்குவார்கள், தடுக்காதீர்கள், அதுவும் பாடம்தான்.

வடிவத்தையும் கன உருவத்தையும் பிரித்து நடத்தாதீர்கள். அறையை இருட்டாக்கி, மேலும் கீழும் ஒரே அகலமுள்ள டம்ளர் ஒன்றை டார்ச்சுக்கும் சுவருக்கும் நடுவே பிடியுங்கள்: நிமிர்த்திப் பிடித்தால் நிழல் செவ்வகம், அடிப்பக்கத்தை டார்ச்சுக்கு நேராகக் காட்டினால் வட்டம். ஒரே பொருளுக்குள் இரண்டு வடிவம் இருப்பதைப் பார்க்கும் அந்த நொடியில் விளக்கமே தேவைப்படாது.

ஒளி-நிழல்தான் கடினம், அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கசக்கிய வெள்ளைத் தாளின்மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்து, எத்தனை வெள்ளை தெரிகிறது என்று கேளுங்கள். ‘ஒன்று’ என்பார்கள். பொறுங்கள், பார்க்கப் பார்க்க எண்ணிக்கை ஏறும். பிறகு பென்சிலால் ஐந்து கட்டங்களை வெளிறியதிலிருந்து கருமை வரை நிரப்பச் சொல்லுங்கள். வரிசையாக நிரப்பினால் மூன்றாவதிலேயே முழுக் கருமை வந்துவிடும், அதனால் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் முதலில், நடு மூன்றும் அப்புறம்.

வெளியைக் கடைசியாக வையுங்கள். காகிதத்தில் வெட்டிய ஒரு பெரிய மரம், ஒரு சின்ன மரம், இரண்டையும் தாளில் நகர்த்தி எது தூரத்தில் நிற்கிறது என்று கேட்டு விளையாடினாலே இந்த வயதுக்குப் போதும்.