டர்ன் வரை பொறுத்து பிளஃப் போடுவது எப்போது?

கேள்வி: அக்கா, போன மாதம் கோவாவில் ஒரு போக்கர் டோர்னமென்ட் ஆடினேன். இருவர் முன்கூட்டியே கட்டாயமாகப் போடும் பிளைண்ட் 500/1,000, அதோடு ஆன்ட்டி என்ற கூடுதல் கட்டாயப் பணம் மேசைக்கு 1,000. என்னிடம் 30,000 சிப்ஸ். கடைசியாக ஆடும் இடமான பட்டனில் ஏஸ்-ராணி வந்தது, இரண்டும் கறுப்பு. 2,200க்கு ரெய்ஸ் செய்தேன் (ஏற்றினேன்), பிக் பிளைண்டில் (1,000 போட்ட இடத்தில்) இருந்தவர் மட்டும் கால் செய்தார் (அதே அளவு போட்டார்). ஃப்ளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) 9-8-7, அதில் இரண்டு ஆர்ட்டின். அவர் செக் செய்ததும் (எதுவும் போடாமல் விட்டதும்) வழக்கம்போல 3,000 போட்டேன். அவர் 9,000 ஆக்கினார், சீட்டை மடக்கி விலகிவிட்டேன். "ஃப்ளாப்பில் செக் செய்துவிட்டு நான்காவது சீட்டான டர்னில் பிளஃப் (நல்ல கை இருப்பதுபோல் பாவலா) போட்டிருக்கலாம்" என்கிறான் நண்பன். அதை எப்போது செய்வது?
- வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரிதான் தம்பி. ஆனால் டர்னில் என்ன சீட்டு விழுகிறது, எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமல் செய்தால் அதுவும் வெறும் சிப்ஸ் செலவு.

முதலில் அந்த ஃப்ளாப்பைப் பாருங்கள். நீங்கள் 2,200 போட்டபோது நடுவில் 4,700 சேர்ந்துவிட்டது. அவர் இன்னும் 1,200 போட்டால் போதும். அந்த விலைக்கு 10-8, 9-7, 7-6 என்று எல்லாக் கையோடும் வருவார். உங்களிடமோ ஏஸ், ராஜா, ராணி மாதிரிப் பெரிய சீட்டுகள்தான் இருக்கும் என்பது மேசைக்கே தெரியும். 9-8-7 விழுந்தால் அது அவருடைய ஃப்ளாப். அங்கே 3,000 போட்டு அவரை விரட்டப் பார்த்தீர்கள். அவர் போகவில்லை, அவ்வளவுதான்.

அங்கே செக் செய்யுங்கள். அப்புறம் டர்ன் வரட்டும். ராஜா விழுந்து, அவர் மறுபடியும் செக் செய்தால் அதுதான் நேரம். ராஜா உங்கள் கையில் இருக்கக்கூடிய சீட்டு. ஏஸ்-ராஜாவோடும் இந்த ஃப்ளாப்பில் நீங்கள் செக் செய்திருப்பீர்கள் என்று அவர் நம்புவார். அதுவே 6, 10, ஜாக்கி அல்லது மூன்றாவது ஆர்ட்டின் விழுந்தால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். அவையெல்லாம் அவர் பக்கத்துச் சீட்டுகள்.

எவ்வளவு போடுவது? நடுவில் 5,900 இருக்கிறது. 3,000 போட்டால் போதும். மூன்று முறையில் ஒரு தடவைக்குச் சற்று அதிகமாக அவர் மடக்கினாலே உங்களுக்கு நஷ்டம் இல்லை. இரண்டு முறை செக் செய்தவர் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே மடக்குவார்.

கையிருப்பும் முக்கியம். 20 முதல் 40 பிக் பிளைண்ட் வரை (உங்கள் மேசையில் 20,000 முதல் 40,000 சிப்ஸ்) வைத்திருந்தால் இது நல்ல ஆட்டம். வெறும் 12 பிக் பிளைண்டோடு இதைச் செய்து, அவர் ஆல்-இன் (எல்லா சிப்ஸும்) என்று திருப்பி அடித்தால் 7 பிக் பிளைண்ட் கூட மிச்சமிருக்காது. அந்த நிலைமையில் ஃப்ளாப்புக்கு முன்பே எல்லாவற்றையும் தள்ளுவது அல்லது மடக்குவதுதான் என் வழி.

இன்னொன்று. உங்கள் ஏஸ்-ராணி சில சமயம் எதுவும் போடாமலே ஜெயிக்கும். ராணி-5 அப்படி ஜெயிக்காது. அதனால் இந்த பிளஃபை ராணி-5 மாதிரிக் கையோடு செய்யவே எனக்கு அதிகம் பிடிக்கும். நல்ல கையோடும் அவ்வப்போது ஃப்ளாப்பில் செக் செய்து பழகுங்கள். இல்லாவிட்டால் உங்கள் செக்குக்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம் ஆகிவிடும்.

ஆளைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு நானே பட்டது ஒன்று. ஐந்து வருடத்துக்கு முன்பு, கோவாவில்தான். பரிசு வட்டத்துக்குள் போக இன்னும் நாலு பேர் வெளியேற வேண்டும். எதிரே ஒரு பெரியவர். ஃப்ளாப்பில் இருவரும் செக், டர்னில் ராஜா, அவர் மறுபடி செக். நடுவில் இருந்ததில் பாதி அளவு நான் போட்டேன். யோசிக்காமல் கால் செய்தார். கடைசிச் சீட்டான ரிவரிலும் போட்டேன், அதற்கும் கால். ஒரு ஜோடி ஒன்பது காட்டினார். அரை மணி நேரம் முன்பு அவர் ஜோடி எட்டோடு மூன்று சுற்றும் கால் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தேன். பார்த்தும் போட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. மடக்கத் தெரியாதவரிடம் பிளஃப் வேண்டாம் தம்பி, ராஜா விழுந்தாலும் வேண்டாம்.

கேள்வி: 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் செய்த புகழ்பெற்ற பிளஃபும் இதே வகையா?
- வாசகி, மதுரை

பதில்: உறவு உண்டு, ஆனால் அது வேறு. லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி, நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், 839 பேர் ஆடினார்கள். கடைசியில் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் மணிமேக்கரும், அனுபவசாலியான சாமி ஃபர்ஹாவும் மட்டும். மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். ஃப்ளாப் 9-2-6, அதில் ஒன்பதும் ஆறும் இஸ்பேட். இருவரும் செக். டர்னில் இஸ்பேட் எட்டு. ஃபர்ஹா 3 லட்சம் போட, மணிமேக்கர் 8 லட்சம் ஆக்கினார். ரிவரில் உதவாத மூன்று. ஃபர்ஹா செக் செய்ய, இவர் ஆல்-இன். ஜோடி ஒன்பதை வைத்திருந்த ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து மடக்கினார்.

கவனியுங்கள், டர்னில் அவர் கை வெறும் கை இல்லை. இஸ்பேட் எது வந்தாலும் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்), 5 அல்லது 10 வந்தால் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து), மொத்தம் 15 சீட்டு அவருக்கு உதவும். எதிராளி செக் செய்யவில்லை, பணம் போட்டிருந்தார், அதன்மேல் ஏற்றினார். நான் மேலே சொன்னது இருமுறை செக் செய்தவரிடம் செய்வது. மணிமேக்கரைப் பார்த்து அதிசயப்படுங்கள். அந்த ஏற்றத்தை மட்டும் அடுத்த வாரமே முயற்சி செய்யாதீர்கள்.

கேள்வி: இதை வீட்டிலிருந்தே ஆன்லைனில் பழகலாமா?
- வாசகர், சேலம்

பதில்: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். இலவச சிப்ஸ் ஆட்டத்தில் கை வரிசைகளைப் பழகலாம், பிளஃபைப் பழக முடியாது. இழப்பு இல்லாத இடத்தில் யார் மடக்குவார்கள்? நாலு நண்பர்களைக் கூப்பிடுங்கள், ஆளுக்கு 30 பொத்தான் கொடுங்கள், தோற்றவர் ராத்திரிப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான், உடனே எல்லாரும் மடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கேள்வி: டர்னில் போட்டு அவர் கால் செய்துவிட்டால், ரிவரில் மறுபடி போட வேண்டுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் வேண்டாம். ஒரு விதிவிலக்கு: ரிவரில் மூன்றாவது ஆர்ட்டின் விழுந்து, ஆர்ட்டின் ஏஸ் உங்கள் கையில் இருந்தால். ஆகப் பெரிய ஃப்ளஷ் அவரிடம் இருக்க வழியில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்போது பெரிதாகப் போடுங்கள். மற்றபடி செக் செய்து சீட்டைத் திருப்புங்கள். திருப்பூர் தம்பியின் கணக்கிலேயே பார்த்தால், 2,200-ம் 3,000-மும் போக 24,800 மிச்சம். 1,000 பிளைண்டில் அது தாராளமாக ஆடக்கூடிய கையிருப்பு.